பிரேக் பெடல் மெத்தென்று இறங்குதா?

போன மாதம் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். புதுச்சத்திரம் தாண்டியதும் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. இரண்டாவது மிதியில்தான் வண்டி நின்றது. மெக்கானிக் வந்து பார்த்தார். நாலு வருடப் பழைய பிரேக் ஆயில், லைனில் காற்று!

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஆயில் அமுங்காது, ஆவியும் காற்றும் அமுங்கும். அதனால்தான் மிதித்தும் பிடிப்பதில்லை.

காற்றை எடுக்க வழக்கமாக இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூட. கை வேக்குவம் பம்ப் இருந்தால் ஒருவரே போதும். வண்டியை ஜாக் ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்துங்கள். குழாயை நிப்பிளில் மாட்டி, பம்ப்பை அடித்து, நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். பழைய ஆயிலும் குமிழியும் வெளியே வரும். நிப்பிளை இறுக்கிய பிறகே குழாயைக் கழற்றுங்கள். எந்தச் சக்கரம் முதலில், எந்த ஆயில் என்பதை வண்டியின் மேனுவலில் பாருங்கள். மேலே ஆயில் டப்பா காலியானால் மறுபடி காற்று புகுந்துவிடும், ஊற்றிக்கொண்டே இருங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஒரு விஷயம். நிப்பிள் மரை வழியாகவும் வெளிக்காற்று நுழைந்து குமிழி காட்டும். எனவே குழாயை மட்டும் நம்பாதீர்கள். பெடல் கெட்டியாக இருக்கிறதா பாருங்கள். இன்னும் மெத்தென்று இருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள். ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளுக்கு ஸ்கேனர் தேவைப்படும்.

தெருவுக்குள் மெதுவாக ஓட்டி, நாலு முறை மிதித்துப் பார்த்த பிறகே வீட்டாரை ஏற்றுங்கள்.