மேற்படிப்பும் காணி உறுதியும்



சென்ற மாதம் மாலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு தாய் எனக்காகக் காத்து நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் காணி உறுதி. இரண்டு தடவை இடம்பெயர்ந்தபோதும் பானை சட்டியை விட்டுவிட்டு இதைத்தான் மடியில் கட்டிக்கொண்டு ஓடினாராம்.

“சுவாமி, பிள்ளை கம்பஸ் முடிச்சிட்டுது. இன்னும் மேலை படிக்கவேணும் எண்டு நிக்குது. கனடாவிலை ஒரு சின்னக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமாம். ஏஜென்சிக்காரர் முதல்லை காசு கட்டட்டாம். இந்த உறுதியை ஈடு வைக்கட்டோ?” என்று கேட்டார்.

அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமல்ல. சொந்த மண்ணுக்கு இன்னும் திரும்பாத குடும்பங்களிலும், திரும்பியும் வேலியடைக்க வழியில்லாத குடும்பங்களிலும் இன்று ஒரு பட்டதாரியாவது இருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு அடுத்த படி எது என்பது வீட்டுக்கு வீடு நடக்கும் பேச்சு. ஆகவே என் கருத்தை மறைக்காமல் எழுதுகிறேன்: மேற்படிப்பு வேண்டும், ஆனால் காணி உறுதி ஈடு போகக்கூடாது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதைச் சேர்ந்து பார்ப்போம்.

அந்தத் தாய் சொன்ன பல்கலைக்கழகம் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் அன்ரிகொனிஷ் என்ற சிறுநகரில் இருக்கும் புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம். கனடா என்றதும் நம்மவர்களுக்கு ரொறன்ரோவில் இருக்கும் மாமா நினைவுக்கு வருவார். இந்த ஊர் ரொறன்ரோவிலிருந்து தரைவழியே 1,700 கிலோமீற்றருக்கு மேல் அப்பால், அத்திலாந்திக் கரைப்பக்கம் இருக்கிறது. நான் அங்கு படித்தவன் அல்லன். அபிவிருத்திப் பணியில் இறங்கிய பின் அங்கு நடந்த வேலையைப்பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அதன் வரலாறு இடம்பெயர்ந்த விவசாயிகளுக்கு அந்நியமானதன்று.

1853இல் அரிஷா என்ற ஊரில் ஒரு சிறு கல்லூரியாகத் தொடங்கி, 1855இல் அன்ரிகொனிஷுக்கு வந்து, 1866இல் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது இந்த நிறுவனம். அப்பகுதியின் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் சந்ததியினர். நிலப்பிரபுக்கள் குத்தகையை உயர்த்தியதாலும், ஆட்டுப் பண்ணைக்கென்று குடிகளை அகற்றியதாலும் வந்தவர்கள் அவர்களுள் பலர். அவர்கள் போய்க் குடியேறிய நிலமோ மிக்மாக் என்ற பூர்வீகக் குடிகளின் நிலம். இடம்பெயர்ந்தவன் இன்னொருவனை இடம்பெயர்த்த கதையும் அதற்குள் இருக்கிறது. இதையும் நாம் மறக்கக்கூடாது.

அந்தச் சிறு கல்லூரி 1897இலேயே பெண்களுக்குப் பட்டம் வழங்கியது. பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று இன்றும் கேட்கும் நம் பெரியவர்கள் அந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளட்டும்.

அங்கு விரிவுரையாளராயிருந்த ஜிம்மி ரொம்கின்ஸ் அடிகளார், பல்கலைக்கழகம் மதிலுக்குள் இருந்தால் போதாது, அறிவு சனங்களிடம் போகவேண்டும் என்று வாதாடினார். 1921இல் மாரிகாலத்தில் ‘மக்கள் பள்ளி’ தொடங்கியது. ஏறக்குறைய ஐம்பது விவசாயிகளும் தொழிலாளரும் வந்து படித்தார்கள். பின்னர் மேலிடத்தோடு கருத்து முரண்பட்டதால் 1922இன் இறுதியில் அவர் கான்சோ என்ற வறிய மீனவப் பங்குக்கு அனுப்பப்பட்டார். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. 1927இல் கான்சோ மீனவர் எழுப்பிய குரல் அரச விசாரணைக் குழு ஒன்றுக்கு வழிவகுத்தது. 1928இல் பல்கலைக்கழகம் தன் விரிவாக்கத் துறையைத் தொடங்கியது. ரொம்கின்ஸ் அடிகளாரின் உறவினரான மோசஸ் கோடி அடிகளார் அதன் முதற் பணிப்பாளரானார். பெயர் நம் காதுக்குப் பெரும் பணம்போல் ஒலிக்கும். ஆனால் அவர் பேசியதெல்லாம் சல்லிக்காசைச் சேர்ப்பதுபற்றியே.

அவர்களுடைய முறை எளிமையானது. முதலில் ஊர்க்கூட்டம். பிறகு ஐந்து முதல் பத்துப் பேர் கொண்ட படிப்பு வட்டங்கள், யாரோ ஒருவருடைய குசினி மேசையைச் சுற்றி. நாம் பிடிக்கும் சிங்கிறாலுக்கு என்ன விலை கிடைக்கிறது? பட்டணத்தில் அதை என்ன விலைக்கு விற்கிறார்கள்? நடுவில் உள்ள காசு எங்கே போகிறது? இவைதாம் பாடங்கள். படித்து முடித்தபின் ஒரு செயல்: கடன் சங்கம், தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலை, கூட்டுறவுக் கடை. 1932இல் மாகாணத்தில் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. 1938இல் றிசேவ் மைன்ஸ் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் தொழிலாளர் குடும்பங்கள் ஒன்றுகூடிப் படித்து, ஒன்றுகூடி வீடு கட்டி, அந்தக் குடியிருப்புக்கு ரொம்கின்ஸ் அடிகளாரின் பெயரையே வைத்தார்கள். கோடி அடிகளார் இறந்த 1959ஆம் ஆண்டிலேயே அவர் பெயரால் ஒரு நிலையமும் அங்கு நிறுவப்பட்டது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் இருந்து சமூகப் பணியாளர் பலர் அங்கு சென்று பயிற்சி பெற்றிருக்கிறார்கள்.

இது அற்புதம் நடந்த கதை என்று நினைக்கவேண்டாம். அந்தச் சங்கங்கள் எல்லாம் நிலைக்கவில்லை. 1992, 1993 ஆண்டுகளில் அத்திலாந்திக் கரையில் கொட் மீன்பிடி நிறுத்தப்பட்டபோது சங்கம் இருந்த ஊரும் இல்லாத ஊரும் சேர்ந்தே அடிபட்டன. ஆயினும் பட்டம் பெற்றவர்கள் ஊருக்குத் திரும்பிவந்து குசினி மேசையில் குந்தியிருந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் ஒருமுறை காட்டிவிட்டார்கள்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். மகள் படித்தது விவசாய விஞ்ஞானம். அவள் மேலும் படிக்க விரும்புவதும் அதையே. இங்கேதான் முதலாவது பிசகு. இந்தப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் இல்லை. அந்த மாகாணத்தில் விவசாயத்துக்கான கல்லூரி ரூறோ என்ற ஊரில் இருக்கிறது. 2012 முதல் அது டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் ஒரு பீடம். முகவர் இதைச் சொல்லவில்லை.

சிறிய பல்கலைக்கழகத்தில் எல்லாத் துறையிலும் முதுமாணிப் படிப்பு இராது. இதில் கேவலம் ஒன்றுமில்லை. அங்கு பெரும்பாலான மாணவர் முதற்பட்டத்துக்குப் படிப்பவர்களே. பட்டப்பின் படிப்புகள் சில மட்டும். ஆசிரியர்களுக்குக் கல்வியியல் முதுமாணி உண்டு. சில விஞ்ஞானத் துறைகளில் ஆய்வு முதுமாணி உண்டு, ஆனால் உங்கள் பிள்ளையை ஏற்றுக்கொள்ள ஒரு பேராசிரியர் முன்வரவேண்டும். நமக்குப் பொருந்தக்கூடியது முதியோர் கல்வியில் வழங்கப்படும் முதுமாணி. ஊரில் பெரியவர்களுக்குக் கற்பிக்கும் வேலையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கென அமைந்த படிப்பு அது. பெரும்பகுதியைத் தொலைவிலிருந்தே, தன் வேலையை வைத்தே படிக்கலாம். கோடி நிலையத்தின் பயிற்சிகளோ வேறு. அவை பயனுள்ளவை, ஆனால் முதுமாணிப் பட்டம் அல்ல. இரண்டையும் ஒன்றென்று சொல்லிக் காசு கேட்பவரிடம் கவனமாயிருங்கள்.

அடுத்தது செலவு. 2024 ஜனவரியில் கனடா அரசு, மாணவர் ஒருவர் தம் வாழ்க்கைச் செலவுக்குக் காட்டவேண்டிய பணத்தை 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக உயர்த்தியது. 2025 செப்ரெம்பரில் அது 22,895 டொலராயிற்று. படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் இதற்கு மேலதிகம். நம்மூர் ஏக்கர்க் கணக்கில் இது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். விண்ணப்பத்தை எந்தப் பிள்ளையும் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகவே அனுப்பலாம். விசாவை அந்த நாட்டு அரசுதான் கொடுக்கும் அல்லது மறுக்கும். எந்த முகவராலும் அதற்கு உறுதி தரமுடியாது. அவர் தரமுடியாத உறுதிக்காக நீங்கள் உங்கள் உறுதியைக் கொடுப்பதா?

இவ்விடத்தில் ஒருவர் எழுந்து, “சுவாமி, நீங்கள் படித்துவிட்டு எங்கள் பிள்ளைகளைத் தடுக்கிறீர்களே” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் குருமடத்தில் ஆண்டுக்கணக்காய்ப் படித்தேன். அதற்காக என் தகப்பனார் ஒரு பரப்புக் காணியும் விற்கவில்லை, திருச்சபை செலவழித்தது. ஆகவே, படிக்காதே என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. குடும்பம் தனியாக அந்தச் சுமையைத் தூக்கவேண்டாம் என்று சொல்லும் கடமை உண்டு.

வழி இருக்கிறது. முதலாவது, வீட்டுக்குக் கிட்ட இருப்பதைப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பேராதனையில் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் 1975 முதல் இயங்குகிறது. வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் உண்டு. முதற்பட்டம் இலவசமாயிருப்பதுபோல் பட்டப்பின் படிப்பு இலவசமன்று. ஆனால் கட்டணம் ரூபாயில், பிள்ளையின் சாப்பாடு நம் வீட்டில்.

இரண்டாவது, பட்டம் பெற்ற கையோடு ஓடவேண்டாம். இரண்டு ஆண்டு சனங்களோடு வேலை செய்யட்டும். வெங்காயம் ஏன் அறுவடை நாளில் மட்டும் விலை விழுகிறது, உவர் ஏறிய கிணற்றை என்ன செய்வது, பத்து இருபது வருடம் பற்றை மூடிக்கிடந்த வயலை எப்படி மீட்பது என்ற கேள்விகள் அவளுக்கே எழட்டும். கேள்வியோடு போகிற பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும். புலமைப்பரிசில் கொடுப்பவர்களும் அத்தகைய பிள்ளையையே தேடுகிறார்கள்.

மூன்றாவது, நாமும் ஒன்று செய்யவேண்டும். நம் கிராமங்களில் சிக்கன கடன் உதவு கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சில உயிரோடு, சில பலகையோடு. கிணற்றுக்கும் மாட்டுக்கும் கடன் கொடுக்கும் சங்கம், ஆண்டுக்கு ஒரு பட்டதாரியின் மேற்படிப்புக்குக் கொடுக்கக்கூடாதா? வேலை கிடைத்தபின் தவணையாகத் திருப்பிக் கட்டட்டும். படிக்கும் காலத்தில் வாரம் ஒரு மாலை ஊரில் பத்துக் குடும்பங்களோடு விளக்கடியில் இருந்து, தான் படிப்பதைச் சொல்லட்டும், அவர்கள் கேட்பதைக் குறித்துக்கொள்ளட்டும். அந்த மாலைதான் வட்டி.

படித்துவிட்டு அவள் திரும்பாமல் போனால்? போகலாம். பிள்ளையைக் கயிற்றால் கட்டிவைக்க முடியாது. ஆனால் ஊர் தூக்கிவிட்ட பிள்ளைக்கும் முகவர் ஏற்றிவிட்ட பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு என்றே நம்புகிறேன்.

அந்தத் தாயிடம் அடுத்த ஞாயிறு நான் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா, உறுதியைப் பத்திரமா வையுங்கோ. பிள்ளையை என்னட்டை அனுப்புங்கோ.” பிள்ளை வந்தாள். முகத்தில் கோபம் இருந்தது, அதில் பிழை இல்லை. இப்பொழுது இரண்டு முகாம் குடும்பங்களின் வீட்டுத்தோட்டங்களில் மண் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறாள். விண்ணப்பப் படிவங்களும் அவளுடைய பையில் இருக்கின்றன. எங்கே போவது என்று அவள் தீர்மானிக்கட்டும். எப்படி அனுப்புவது என்பது அவள் தாயின் தலையில் மட்டும் விழவேண்டாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள்.