பர்மிட் உடனே கிடைக்குது... பால்கனி நிற்குமா?

சென்னை:

வீடு கட்ட பர்மிட் கேட்டு மாநகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்த காலம் மலையேறி விட்டது. சின்ன வீடு கட்டுகிறவர் இப்போது கம்ப்யூட்டரில் வரைபடத்தை ஏற்றி, பணத்தைக் கட்டினால் போதும். அனுமதி உடனே கையில்!

சந்தோஷமான சேதிதான். ஆனால் அதோடு சேர்ந்து வந்த இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் மனையைப் பார்க்க அதிகாரி ஒருவராவது வந்து போவார். இந்த முறையில் அவரும் வருவதில்லை. தெருப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிற பால்கனிக்கும், தலைக்கு மேல் இருக்கிற மொட்டை மாடிக்கும் முழுப் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில் விழுந்திருக்கிறது.

என்ன சலுகை?

2024-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி தமிழக அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. அப்போது அறிவித்த நிபந்தனைகள் இவை: மனை 2,500 சதுர அடி வரை. கட்டடம் 3,500 சதுர அடி வரை. தரைத்தளம், அல்லது அதற்கு மேல் ஒரு மாடி. உயரம் 7 மீட்டருக்குள்.

இதற்குள் அடங்கினால், "விதிப்படி கட்டுகிறேன்" என்று சொந்தக்காரரே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளலாம். முன்கூட்டி இடத்தைப் பார்வையிடுவது கிடையாது. கட்டி முடித்த பிறகு பணி நிறைவுச் சான்றும் வேண்டாம்.

"ஒரு கையெழுத்துதானே" என்று நினைக்கிறார்கள். அந்தக் கையெழுத்துக்குத்தான் கனம் அதிகம்!

பர்மிட் எதைப் பார்க்கும்?

பர்மிட் கொடுக்கும் ஆபீஸ் முக்கியமாகப் பார்ப்பது அளவுகளை. தெருவுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு, உயரம் என்ன, பரப்பு என்ன என்பதுதான் கணக்கு. சின்ன வீட்டு பால்கனிக்குள் எத்தனை கம்பி போகிறது என்று யாரும் வந்து எண்ணிப் பார்த்தது கிடையாது. பழைய முறையிலும் இதே கதைதான்.

2014 ஜூன் 28-ந் தேதி மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்களே, அது அனுமதி வாங்கிய கட்டடம்தான். காகிதத்தில் எல்லாம் இருந்தது. கட்டடம் நிற்கவில்லை.

பால்கனி விஷயத்தில் அமெரிக்காவிலும் இதே பாடம். 2015 ஜூன் 16-ந் தேதி கலிபோர்னியா மாநிலம் பெர்க்லி நகரில் பிறந்தநாள் விருந்து நடந்த வீட்டில் மேல்மாடி பால்கனி முறிந்தது. நின்றிருந்த 13 பேரும் கீழே விழுந்தார்கள். 6 பேர் பலி. 7 பேர் படுகாயம். கட்டி பத்து வருடம்கூட ஆகாத கட்டடம் அது! மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, தாங்கி நின்ற மரம் உளுத்துப் போயிருந்தது.

அதற்குப் பிறகு 2018-ல் அந்த மாநிலம் சட்டம் போட்டது. மூன்று அல்லது அதற்கு மேல் குடித்தனம் உள்ள வாடகைக் கட்டடங்களில், 6 அடிக்கு மேல் உயரத்தில் மரத்தை நம்பி நிற்கும் பால்கனிகளை 6 வருடத்துக்கு ஒருமுறை சோதித்தாக வேண்டும். பர்மிட் என்பது கட்டும் நாளோடு சரி, ஆபத்து பிறகு வருகிறது என்பதை ஆறு உயிர் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

கம்பி எந்தப் பக்கம்?

நம் ஊர் பால்கனி மரத்தில் இல்லை, கான்கிரீட்டில். இதற்கு வேறு வியாதி.

அறைக்குள் போடும் தளத்துக்கு முக்கியக் கம்பி அடிப்பக்கம் இருக்கும். சுவரை விட்டு வெளியே தொங்கி நிற்கும் பால்கனிக்கு அது மேல்பக்கம் இருக்க வேண்டும். பாரம் ஏறினால் மேல்புறம்தான் இழுபடும்.

நடப்பது என்ன? மேஸ்திரி கம்பியைச் சரியாகத்தான் கட்டியிருப்பார். கான்கிரீட் போடும் நாளில் சட்டி தூக்குகிறவர்கள் அதன் மேலேயே ஏறி மிதிப்பார்கள். மேலே இருக்க வேண்டிய கம்பி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே பூசி மெழுகி டைல்ஸ் ஒட்டிய பிறகு யாருக்குத் தெரியப் போகிறது?

கம்பி வீட்டுக்குள்ளும் போதுமான நீளம் போக வேண்டும். பால்கனி வெளியே 4 அடி நீண்டால், கம்பி உள்ளே 6 அடியாவது போவது என்ஜினீயர்களின் வழக்கம்.

திருவொற்றியூர் முதல் திருவான்மியூர் வரை இருப்பவர்களுக்குக் கூடுதல் தொல்லை, உப்புக்காற்று. பால்கனியில் தண்ணீர் தேங்கினால் மேலே உள்ள கம்பிதான் முதலில் துருப்பிடிக்கும். துரு ஊதி கான்கிரீட்டை உடைக்கும்.

பாரம் எவ்வளவு?

இந்தியத் தர நிர்ணயக் கணக்கு இது: குடியிருக்கும் அறைக்கு ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. பால்கனிக்குக் குறைந்தது 300 கிலோ. ஆள் ஏறிப் போகிற மொட்டை மாடிக்கு 150 கிலோதான்.

10 அடிக்கு 4 அடி பால்கனி என்றால் மொத்தம் சுமார் 1,100 கிலோ. சாமி ஊர்வலம் பார்க்கப் பதினைந்து பேர் நின்றாலே அந்த எல்லையைத் தொட்டு விடும். இதே பால்கனியை "சமையல்கட்டு ஆக்கலாம்" என்று விளிம்பில் 9 அடி உயரத்துக்கு நாலரை அங்குல செங்கல் சுவர் எழுப்பினால், சுவர் மட்டுமே 2 டன்னுக்கு மேல்!

மொட்டை மாடியும் அப்படித்தான். ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் நிரம்பினால் ஒரு டன். அதைத் தூண், பீம் பார்த்து வைக்காமல் தளத்தின் நடுவில் வைக்கிறார்கள். மாடித் தோட்டத்துக்கு அரை அடி மண் பரப்பி நனைத்தால் சதுர மீட்டருக்கு 250 கிலோவைத் தாண்டும்.

மின் கம்பியையும் மறக்கக் கூடாது. தெருவில் போகும் சாதாரண வீட்டு லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது 4 அடி இருக்க வேண்டும். பால்கனியை ஓர் அடி கூடுதலாக நீட்டினால், துணி உலர்த்தப் போகிறவர் கைக்கு லைன் எட்டும்.

"பின்னால் சரிக்கட்டலாம்"

ஒரு மாடிக்கு அனுமதி வாங்கி, மேலே ஷெட் போட்டு, ஷெட்டுக்குச் சுவர் வைத்து, வாடகைக்கு விடுவது நகரத்தில் பழைய வித்தை. "அபராதம் கட்டினால் அரசாங்கம் வரன்முறை செய்து விடும்" என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. நகர ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவு 1999 பிப்ரவரி 28-ந் தேதி வரை கட்டியவற்றுக்கு. 2012-ல் வந்த 113-சி பிரிவு 2007 ஜூலை 1-ந் தேதிக்கு முன் கட்டியவற்றுக்கு. நேற்றுக் கட்டிய ஷெட்டுக்கு இரண்டிலும் இடமில்லை. சீல் வைக்கவும் இடிக்கவும் அதே சட்டத்தில் 56, 57 பிரிவுகள் இருக்கின்றன.

இடிந்து விழுந்து ஆள் செத்தால் போலீஸ் ஸ்டேஷன் விவகாரம். 2024 ஜூலை 1-ந் தேதி முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின்படி அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் 5 வருடம் வரை சிறை. "மேஸ்திரி சொன்னாருங்க" என்றால் கோர்ட்டில் எடுபடாது.

என்ன செய்யலாம்?

கட்டுகிறவர் லட்சம் லட்சமாகக் கொட்டுகிறார். என்ஜினீயருக்குக் கொடுக்கும் பணத்தில் மட்டும் மிச்சம் பிடிக்கிறார். அங்கேதான் தப்பு.

கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடும் முன், என்ஜினீயர் ஒருவரைக் கூட்டி வந்து காட்ட வேண்டும். கான்கிரீட் போடும்போது கம்பியை மிதிக்காமல் பலகை போட்டு நடக்கச் சொல்ல வேண்டும். முட்டுப் பலகையை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. பிரிக்கும்போது வெளி நுனியிலிருந்து சுவரைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

பழைய வீட்டில் குடியிருப்பவர்களும் கண்ணைத் திறந்து பார்க்கலாம். சுவரை ஒட்டி பால்கனித் தரையில் நீளவாட்டில் விரிசல், அடியில் பழுப்பு நிறக் கறை, வெளிப்பக்கம் சரிவு, பெயர்ந்து விழும் பூச்சு இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தைகளை அங்கே விடக் கூடாது. வீட்டுக்காரரிடம் உடனே சொல்லியாக வேண்டும்.

அரசாங்கம் பர்மிட்டைச் சுலபமாக்கியது நல்லதுதான். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை பால்கனியைச் சோதிக்கவும் ஒரு விதி போட்டால் இன்னும் நல்லது. அதுவரை, "விதிப்படி கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தவரே தம் வீட்டுக்கு அதிகாரி!