'தண்ணீர்' என்னும் சொல்லுக்கு எட்டு நொடி

பிஎஸ்கே31 என்னும் சிற்றலைத் தட்டச்சு முறையில், நீரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'வாட்டர்' காற்றில் செல்ல ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது. அதே முறையில், அதே வேகத்தில், 'தண்ணீர்' என்பதை ஒருங்குறியில் அனுப்பினால் எட்டு நொடிக்கு மேல் ஆகும். இதில் சதி எதுவும் இல்லை. 1990களின் இறுதியில் இம்முறையை வகுத்த பீட்டர் மார்ட்டினெஸ், மோர்ஸின் வழியையே பின்பற்றி, அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியீட்டை அளித்தார். எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்பதை ஆங்கில உரையைக் கொண்டு கணித்தார். ஆங்கிலத்தின் 'இ' எழுத்துக்கு இரண்டே பிட் போதும். தமிழ் எழுத்தொன்றின் மூன்று பைட்டுகளோ பட்டியலின் வால்பகுதியில் விழுந்து, ஒவ்வொன்றும் பத்து, பதினொரு பிட்டுகளாக நீள்கின்றன.

இது பொழுதுபோக்காளரின் கணக்கு என்று கடந்து போய்விடலாம். சிற்றலை வழியே மின்னஞ்சல் அனுப்பும் இன்றைய ஏற்பாட்டை அறிந்தால் அவ்வாறு கடக்க இயலாது. வின்லிங்க் என்னும் வலையமைப்பில், கணினியில் எழுதிய மடலை ஒரு மோடம் மென்பொருள் ஒலியாக மாற்றுகிறது. அமெச்சூர் வானொலிக் கருவி அவ்வொலியை 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் ஏற்றுகிறது. அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், இணையம் அறுந்துபோகாத ஊரிலிருக்கும் நிலையமொன்றில் இறங்குகிறது. அங்கிருந்து அம்மடல் சாதாரண மின்னஞ்சலாகப் பயணத்தைத் தொடர்கிறது. சிதைந்து வந்த துண்டுகளை மறுமுனை திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கைப்பேசிக் கோபுரமும் கடலடி வடமும் வேண்டியதில்லை. ஒரு மின்கலமும் ஒரு கம்பியும் போதும்.

இந்தியாவுக்கு இது தொலைதூரக் கற்பனை அன்று. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் வானொலிக் குழு தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தது. தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்திகளைக் கடத்தியவர்களில் அவர்களும் உண்டு. அதற்கு முன் 1999 ஒடிசாப் புயலிலும் 2001 குசராத் நிலநடுக்கத்திலும் ஹாம் இயக்குநர்கள் இதே பணியைச் செய்தனர். பெயர்ப்பட்டியலையும் மருந்துப்பட்டியலையும் குரலில் சொல்லி, மறுமுனையில் ஒருவர் கேட்டு எழுதும்போது நேரும் பிழைகளை மின்னஞ்சல் தவிர்க்கும். ஆகவே அது எந்த மொழியில் போகும் என்ற கேள்வி எழுந்தே தீரும்.

"இயக்குநருக்கு ஆங்கிலம் தெரியும், அதிகாரிக்கும் தெரியும், பிறகு என்ன குறை?" என்பது வழக்கமான விடை. செய்தியின் உரிமையாளர் அவ்விருவரும் அல்லர் என்பதை இவ்விடை மறந்துவிடுகிறது. கரையில் நிற்பவர் தம் மொழியில் சொல்வதை, உறக்கமற்ற ஓர் இயக்குநர் அந்த இடத்திலேயே மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. மொழிபெயர்க்காமல் தமிழையே ரோமன் எழுத்தில் அடிக்கலாம். எழுத்துக்கு ஒரு பைட்டுதான். ஆனால் 'வலி இருக்கிறது' என்பதையும் 'வழி இருக்கிறது' என்பதையும் ஒரே மாதிரி அடிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! ழகரத்துக்குத் தனிக் கூட்டெழுத்து இடுவோர் உண்டு, இடாதோரும் உண்டு. லகர, ளகர வேறுபாட்டையோ பெரும்பாலோர் காட்டுவதில்லை. 'குளம்' எளிதில் 'குலம்' ஆகிவிடும். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் நிறைந்த மீட்புச் செய்தியில் இதைச் சிறு குறையாகக் கருத முடியாது.

இனித் தமிழ் எழுத்திலேயே அனுப்புவதன் விலையைப் பார்க்கலாம். 'தண்ணீர்' ஒருங்குறியில் ஏழு குறிகள்; யூடிஎஃப்-8 முறையில் இருபத்தொரு பைட். ஆங்கிலச் சொல்லுக்கோ ஐந்து பைட். இந்தியின் 'பானி' பன்னிரண்டு பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். ஒருங்குறிக்கு முன் புழங்கிய தஸ்கி குறியேற்றத்தில் 'தண்ணீர்' சரியாக ஐந்தே பைட்டில் அடங்கியது என்பது கசப்பான வேடிக்கை. அதற்காகத் தஸ்கிக்குத் திரும்ப வேண்டுமென்று எவரும் கோரப்போவதில்லை, கோரவும் கூடாது.

வின்லிங்க் மடலைச் சுருக்கித்தான் அனுப்புகிறது என்பது உண்மை. தமிழ் ஒருங்குறியின் மூன்று பைட்டுகளில் முதலாவது என்றும் மாறாதது. இரண்டாவதற்கு இரண்டே மதிப்புகள். எந்தச் சுருக்குமுறையும் இந்தத் திரும்பத்திரும்ப வரும் தன்மையை விரைவில் கண்டுகொள்ளும். எனவே நீண்ட மடலில் தண்டம் பெரிதும் குறைந்துவிடும். ஆனால் பேரிடர் மடல் நீள்வதில்லை. நான்கு வரிச் செய்தியில் சுருக்குமுறை மொழியைக் கற்றுக்கொள்ளத் தொடங்குமுன் மடல் முடிந்துவிடுகிறது. வானிலை சீரற்ற இரவில் நொடிக்குச் சில பத்துப் பிட்டுகளே தேறும் அலைவரிசையில், அந்தத் தொடக்கச் செலவுதான் முழுச் செலவு.

சட்டம் பற்றியும் ஒரு சொல். அமெச்சூர் வானொலியில் பொருளை மறைக்கும் நோக்குடன் செய்தியைக் குறியாக்கக் கூடாது என்பது பன்னாட்டு வானொலி விதி. சுருக்கிய மடலை மூன்றாமவர் கேட்டுப் பொருளறிவது கடினம் என்பதால், அதுவும் மறைப்பே என்று அமெரிக்காவில் 2019இல் ஒழுங்காணையம் வரை சென்று வழக்காடினார்கள். மொழியியல் பயின்ற எவருக்கும் இவ்வாதத்தின் ஓட்டை புலப்படும். கேட்பவர் அறியாமையும் சொல்பவர் மறைப்பும் ஒன்றல்ல. அறியாமையே அளவுகோலானால், தமிழ் அறியாத கண்காணிப்பாளருக்குத் தமிழும் மறைமொழிதான். எனினும் எதிர்த்தரப்பின் அச்சம் முழுப் பொய்யும் அன்று. வாரா, பாக்டர்-4 போன்ற மோடங்களின் உள்ளமைப்பு தனியுடைமை. உருவாக்கியவர் திறந்து காட்டாத பெட்டிக்குள் எந்த ஆய்வகமும் ஒரு மொழியைச் சேர்க்க முடியாது.

நல்வாய்ப்பாக, மடலைச் சுருக்கும் வேலை மோடத்துக்கு மேலே, திறந்த நெறிமுறையில் நடக்கிறது. அது வெளிப்படையாக ஆவணப்படுத்தப்பட்டதால்தான் 'பேட்' போன்ற திறமூல மென்பொருள்கள் தோன்ற முடிந்தது. வின்லிங்க் படிவங்களும் ஒரு வழியைக் காட்டுகின்றன. படிவத்தின் உருவம் இரு முனைகளிலும் முன்பே இருக்க, நிரப்பிய விவரம் மட்டுமே காற்றில் செல்கிறது. தமிழ், வங்காளம், ஒடியா, மலையாளப் படிவங்களை ஆக்குவது ஒரு பல்கலைக்கழக வானொலிக் கழகத்தின் பருவப் பணி அளவே. அதற்கு அடுத்த படி, ஒவ்வொரு மொழிக்கும் முன்பயிற்சி பெற்ற சுருக்க அகராதி. இசட்-ஸ்டாண்டர்டு போன்ற சுருக்குமுறைகள் அத்தகைய அகராதியை ஏற்கின்றன. அதை ஆக்கத் தேவையான சொல்நிகழ்வெண் பட்டியல்கள் நம் மொழியியல் துறைகளின் ஆய்வேட்டுப் பின்னிணைப்புகளில் எவரும் புரட்டாமல் கிடக்கின்றன. பட்டம் வாங்கித் தந்ததோடு அவற்றின் பிறவிப்பயன் முடிந்தது என்று நினைத்துவிட்டோம் போலும்.

பொறியியல் துறை இதை மொழியின் வேலை என்கிறது. மொழித்துறை பொறியின் வேலை என்கிறது. அகராதிக் கோப்போ சில பத்துக் கிலோபைட்டைத் தாண்டாது. ஆனால் அது அனுப்புநரிடமும் பெறுநரிடமும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். புயல் கரையைக் கடந்த இரவில் அதைச் சிற்றலையில் அனுப்பிக்கொண்டிருக்க நேரமிராது.