பொறுத்தவளுக்கே பெருந்தண்டனையா?

சென்ற மாதம் இண்டூரில் ஜும்ஆ தொழுகை முடிந்து திரும்புகையில் ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். "அடிக்கிறான் என்றால் காவல் நிலையம் இருக்கிறது, கொன்றவளுக்கு இரக்கம் எதற்கு ஹஜ்ரத்?" அவர் கல்நெஞ்சர் அல்லர். நம்மில் பலருடைய எண்ணத்தையே உரைத்தார். ஆதலால்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

நல்லதங்காள் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்து தானும் வீழ்ந்தாள். அக்கதை கேட்ட எவரும் அவளைக் கொலைகாரி என்பதில்லை. ஆனால் கணவன் கொடுமை தாளாது பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்துவிட்ட ஒருத்தியைச் சட்டம் கொலைக்குற்றவாளியாக நிறுத்தியது. 1989இல் சென்னை உயர்நீதிமன்றம் நல்லதங்காளின் பெயரையே எடுத்துரைத்து, நாள்பட நீடித்த ஆத்திரமூட்டலும் குற்றத்தின் கடுமையைக் குறைக்கும் என்று தீர்ப்பளித்தது.

ஆயினும் சட்டநூலில் அச்சொல் ஏறவில்லை. திடீரென எழுந்த கடுஞ்சினத்திற்கே அங்கு சலுகை. தணிய அவகாசமிருந்தால் அச்சலுகை இல்லையென 1961இல் நானாவதி வழக்கில் உச்சநீதிமன்றம் உரைத்தது. கணத்தில் கை ஓங்கக் கூடியவனுக்குப் பொருந்தும் அளவுகோல் இது! பத்தாண்டு உதை வாங்கிய மெலிந்த உடலினள் அவன் உறங்கும்வரை காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பைச் சட்டம் சதியென வாசிக்கும். இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா ஆயுள் தண்டனை பெற்றது இதனால்தான். 1992இல் மேல்முறையீட்டில் அது நீக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'திடீர்' என்ற நிபந்தனையே அங்கு ஒழிந்தது. நம் நாட்டிலோ, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நியாயச் சட்டமும் பழைய சொல்லையே சுமந்து வந்திருக்கிறது. கொலையென முடிவானால் ஆயுள் தண்டனைக்குக் கீழே நீதிபதி இறங்கவும் இயலாது.

காவல் நிலையம் இருக்கிறதாம்! 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. அவளை அங்கே போக விட்டோமா? கணவன்மீது முறையிட்ட கவ்லா நாயகியின் குரலோடு திருமறையில் ஒரு சூராவே தொடங்குகிறது. அதை ஓதிக்கொடுத்த நானே, அழுது வந்த ஒரு பெண்ணிடம் "ஸப்ர் செய், தாயே" என்று சொல்லித் திருப்பியனுப்பியவன். பொறுக்கச் சொன்னவர்கள் நாம். அப்பொறுமையின் ஆண்டுகளையே அவளுக்கு எதிரான சாட்சியாக்குவது எந்த நீதி?

விடுவிக்கச் சொல்லவில்லை. 'திடீர்' என்ற சொல்லை நாடாளுமன்றம் எடுக்கட்டும். நியூயார்க் மாநிலம் 2019இல் செய்ததைப் போல, ஏற்கெனவே சிறையிலிருப்போரும் தம் தண்டனையை மீண்டும் எடைபோடக் கோரும் உரிமையைச் சட்டமே வழங்கட்டும்.