மேலே வேலி, கீழே ஒரே நீர்

குடிமனைக் காணியொன்றைத் தொழிற்சாலைக்கோ வாகனத் திருத்தகத்துக்கோ மாற்ற அனுமதி கேட்டு ஒருவர் விண்ணப்பிக்கிறார். காணி அவருடையது, உறுதியும் அவர் பெயரிலேயே உள்ளது. இதில் அயலவருக்கு என்ன உரிமை என்று கேட்போர் நம்மிடையே உளர். யாழ்ப்பாணத்து மண்ணின் இயல்பை மறந்தோர் கேட்கும் கேள்வி அது.

வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாடு இது. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடே இறங்கித் தேங்குகிறது. அந்நீரையே நாம் குடிக்கிறோம்; வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அதையே இறைக்கிறோம். மேலே வளவுக்கு வளவு வேலி உண்டு. நிலத்தின் கீழே வேலி இல்லை.

சுன்னாகம் இதற்குச் சான்று. அங்குள்ள அனல்மின் நிலையத்தின் அயற் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளில் நாட்டையே உலுக்கிற்று. மின்னிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. தீர்ப்பை வரவேற்றோம். ஆயினும், கெட்ட கிணற்றைப் பணம் உடனே நன்னீராக்கிவிடுமா?

சட்டம் இல்லையென்று எவரும் கூற முடியாது. 1946ஆம் ஆண்டின் நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் உண்டு. 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டமும் உண்டு. வயலை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் எழுத்து மூல அனுமதியை வேண்டி நிற்கிறது. இவ்வளவிருந்தும், ஒழுங்கையில் வாழ்பவர் செய்தியை அறிவது பெரும்பாலும் அத்திவாரம் வெட்டிய பின்னரன்றோ? விண்ணப்பக்காரரும் அலுவலகமும் தமக்குள் முடித்துவிடும் காரியமாக இது இருக்கும்வரை சட்டம் ஏட்டிலேயே உறங்கும்.

ஆகவே நாம் கோருவன சில. விண்ணப்பம் வந்தவுடன் அக்காணியிலேயே தமிழில் அறிவித்தல் நாட்டப்பட வேண்டும். அயலவரின் ஆட்சேபங்களைக் கேட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும். அனுமதித்தாலும் மறுத்தாலும் காரணம் எழுத்தில் வெளிவர வேண்டும்.

கைத்தொழிலுக்கு நாம் பகைவரல்லர். நம் இளைஞருக்கு வேலை வேண்டும். அச்சுவேலியில் இருப்பதுபோன்ற கைத்தொழிற்பேட்டைகள் அதற்கெனவே அமைந்தவை. குடிமனைகளின் நடுவே இடந்தேடுவதுதான் தவறு.

குற்றம் முழுவதையும் அலுவலகங்களின் தலையில் ஏற்றுவதும் நேர்மையாகாது. நல்ல விலை வந்ததும், வாங்குபவர் என்ன செய்யப்போகிறார் என்று கேளாமல் உறுதி முடிப்போரும் நாமே. ஊருக்கு வெளியே இருந்தபடி தந்தையின் வயலை மண்ணிட்டு நிரப்ப ஒப்புவோரும் நாமே.

சட்டத்தரணிகளே, பொறியியலாளர்களே, நிலஅளவையாளர்களே! உங்கள் ஊர்க் கமக்காரனுக்கு ஓர் ஆட்சேப மனு எழுதிக் கொடுக்க ஒரு மாலைப் பொழுது போதும். கமக்காரப் பெருமக்களே! பிரதேச சபைக் கூட்டத்தில் உங்கள் அயற்காணியைப் பற்றிய பேச்சு எழும்போது அங்கே சென்று அமருங்கள். கிணறு கெட்ட பின் வழக்காடுவதிலும் அது கெடுமுன் வாய்திறப்பதே மேல்.