பொரித்த குஞ்சு கூட்டிலேயே தங்குமா?

புதிய நிறுவனங்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர் ஒன்றை ஊருக்கு ஊர் திறந்துவிட்டால் திறமைசாலிகள் வெளியேற மாட்டார்கள் என்றொரு நம்பிக்கை அமைச்சர்களின் மேடையிலிருந்து கல்லூரி விளம்பரப் பலகை வரை பரவியிருக்கிறது. கண்ணாடிச் சுவர், வண்ண நாற்காலி, இலவச வைஃபை, ரிப்பன் வெட்டும் படம். மறுநாளே அந்த ஊர் ‘அடுத்த பெங்களூரு’ ஆகிவிடும்.

ஏத்தர் எனர்ஜியைப் பாருங்கள். சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கிய மின்சார ஸ்கூட்டர் நிறுவனம் அது. அடைகாத்தது ஐஐடி. 2014இல் பணம் போட்டவர்களோ பெங்களூரில் ஃபிளிப்கார்ட்டை வளர்த்த சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும். தலைமையகமும் பெங்களூருக்கே போய்ச் சேர்ந்தது. பிறகு பெரிய ஆலை வேண்டியிருந்தபோது ஏத்தர் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது, ஆனால் சென்னைக்கு அல்ல, ஓசூருக்கு. டிவிஎஸ், அசோக் லேலண்ட் ஆலைகளைச் சுற்றிப் பல பத்தாண்டுகளாக வளர்ந்த உதிரிபாகப் பட்டறைகளும் கைதேர்ந்த தொழிலாளர்களும் அங்கே இருந்தார்கள்.

அதே ஐஐடியில் 2017இல் பிறந்த ராக்கெட் நிறுவனமான அக்னிகுல் சென்னையிலேயே இருக்கிறது. எரிதல் ஆய்வுக்கான தேசிய மையம் அந்த வளாகத்தில். ஏவுதளம் உள்ள ஸ்ரீஹரிகோட்டா சாலைவழியில் சில மணி நேரத் தொலைவில். முப்பரிமாண அச்சில் உருவான எஞ்சினுடன் அதன் ராக்கெட் 2024 மே 30 அன்று அங்கிருந்துதான் பறந்தது. இந்த வசதியை எந்த நாற்காலியும் தந்துவிடாது.

2010இல் சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃபிரெஷ்வொர்க்ஸையும் அடுத்த ஆண்டு வந்த சார்ஜ்பீயையும் அடைகாத்தது எது? மூத்த மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் சம்பளப் பட்டியல்! மென்பொருளை உருவாக்கி உலகச் சந்தையில் விற்கும் வித்தையை அவற்றின் நிறுவனர்களில் பலர் அங்கேதான் பழகினார்கள்.

இன்குபேட்டரே வீண் என்பதல்ல வாதம். 1959இல் அமெரிக்காவின் படேவியாவில், மூடிக் கிடந்த ஆலையை ஜோசப் மன்குசோ சிறு சிறு பகுதிகளாக வாடகைக்கு விட்டார். குடிவந்தவர்களில் கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனமும் ஒன்று. இன்குபேட்டர் என்ற பெயர் வந்ததே அப்படித்தான். குஞ்சுக்கு வெப்பம் சில வாரங்களுக்குத்தான் வேண்டும். அதன்பின் தீனி வேண்டும்.

அந்தத் தீனி முதல் ஆர்டர். கோவையில் பம்ப்செட்டுக்கு சென்சார் செய்யும் ஓர் இளைஞரை ஊரில் நிறுத்தப்போவது, அதைத் தன் சோதனை மேடையில் பொருத்திப் பார்த்து நூறு வாங்கிக்கொள்ளும் பக்கத்துத் தொழிற்பேட்டை முதலாளிதான். திறப்பு விழா மேடையில் அந்த முதலாளிக்கு இதுவரை நாற்காலி போடப்படவில்லை.