பாட்டுக்குப் பெயர் எழுதி வைப்போம்



கல்லலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், எண்பது வயது ஐயாவுக்காக ஒரு சின்ன பிளேயர் வாங்கி அனுப்பினானாம். கைக்கு அடக்கமாக இருக்கிறது, மெமரி கார்டு நிறையப் பாட்டு. ஐயாவுக்கும் சந்தோஷம்தான். ஆனால், "அந்தச் சீர்காழி பாட்டைப் போடு" என்று அவர் கேட்டால் வீட்டில் ஒருவராலும் எடுத்துத் தர முடியவில்லை. திரையில் 'டிராக் 01', 'டிராக் 07' என்று வருகிறது. இல்லையென்றால் ஏதோ ஒரு வெப்சைட்டின் பெயர் ஓடுகிறது. "இத்தனை பாட்டு இருந்தும் கேட்ட பாட்டு கிடைக்கவில்லை. இதற்கு ஒரு வழி சொல்லுங்களேன்" என்று கேட்டிருக்கிறார்.

இது கல்லல் வீட்டுக் கதை மட்டும்தானா? காரில் ஒரு பென் டிரைவ், டிவிக்குப் பின்னால் ஒன்று, ஓரங்கட்டிய பழைய போனுக்குள் ஒரு மெமரி கார்டு... நம் எல்லோர் வீட்டிலும் இருப்பவைதானே இவை? மொபைல் கடையில் "பாட்டு ஏத்திக் குடுங்க" என்று கொடுத்து வாங்கியவை, மச்சான் லேப்டாப்பிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தவை என்று எல்லாம் கலந்து கிடக்கும்.

சாதாரணத் தரத்தில் நாலு நிமிடப் பாட்டு ஒன்று சுமார் 4 எம்பி பிடிக்கும். 32 ஜிபி கார்டில் ஏழாயிரம் பாட்டுக்கு மேல் அடங்கிவிடும். இரவு பகலாக ஓடவிட்டாலும் முடிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். ஆக, பாட்டுக்குப் பஞ்சமில்லை. எது எந்தப் பாட்டு என்று சொல்லத்தான் ஆளில்லை.

அது எவ்வளவு பெரிய குறை என்பதற்கு ஓர் உதாரணம். பழைய ஹெச்.எம்.வி.யின் வழிவந்த சரிகம நிறுவனம், 2017-ல் 'கேரவான்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. உள்ளே 5,000 இந்திப் பாட்டு. பிறகு தமிழுக்கும் தனியாக வந்தது. அந்தப் பாட்டெல்லாம் போனிலேயே இலவசமாகக் கிடைக்கிற காலம் அது. பிறகு ஏன் பிள்ளைகள் பணம் கொடுத்து வாங்கி அப்பா அம்மாவுக்குப் பரிசளித்தார்கள்? நெட் தேவையில்லை, குமிழைத் திருப்பினால் வேண்டிய பாடகர் பாடுவார். யாரோ உட்கார்ந்து பாட்டையெல்லாம் பிரித்து, பெயர் போட்டு, அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த உழைப்புக்கும் சேர்த்துத்தான் மக்கள் பணம் கொடுத்தார்கள். அந்த வேலையை நம் வீட்டுப் பாட்டுக்கு நாமே செய்துகொள்ள முடியாதா என்ன?

யோசித்துப் பாருங்கள், பெயர் இல்லாத பாட்டு நமக்குப் புதிது. இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் பாடியவர் பெயர் இருந்தது. கேசட் ரெக்கார்டிங் சென்டரில் நாம் எழுதிக் கொடுத்த பட்டியல், கேசட் அட்டையில் அழகான கையெழுத்தில் திரும்பி வந்தது. இலங்கை வானொலி, நம் தென்மாவட்டங்களில் உள்ளூர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் படம் எது, பாடியவர் யார், எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். பள்ளிக்கூடம் போகாத நம் அம்மாக்கள்கூட மருதகாசி யார், உடுமலை நாராயணகவி யார் என்று தெரிந்து வைத்திருந்தது எப்படி? நாள்தோறும் காதில் விழுந்த அந்த அறிவிப்பால்தான்.

இந்தியாவில் இசைத்தட்டு தொடங்கிய காலத்திலேயே இந்தப் பழக்கம் உண்டு. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்தபோது, பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னார். பதிவு ஜெர்மனிக்குப் போய்த்தான் தட்டாகி வர வேண்டும். யார் பாடியது என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியவே அப்படிச் சொன்னதாகக் கூறுவார்கள். அவர் மறைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்தத் தட்டைப் போட்டால் இன்றும் அவரே தன் பெயரைச் சொல்கிறார்.

எம்பி3 வந்தபோது இந்தச் சங்கிலி கொஞ்சம் அறுந்தது. ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 1995-ல் அந்தக் கோப்புக்கு எம்பி3 என்று பெயர் வைத்தது. ஆனால், பாட்டின் விவரத்தை எழுத அதில் இடமே இல்லை. 1996-ல் எரிக் கெம்ப் என்பவர் ஒரு வழி கண்டார். கோப்பின் வாலில் 128 பைட் மட்டும் ஒதுக்கி, அதில் விவரத்தை எழுதினார். அதைத்தான் 'டேக்' என்கிறோம். பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, பாடகருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருடத்துக்கு 4 எழுத்து, ஒரு சிறு குறிப்பு, இசை வகை. அவ்வளவுதான்.

இதில் எழுதியவருக்கு இடம் எங்கே? இசையமைத்தவருக்கு? இரண்டுமே இல்லை. 1998-ல் வந்த அடுத்த வடிவத்தில் இரண்டுக்கும் தனித்தனி இடம் வந்துவிட்டது. தமிழ் எழுத்திலேயே எழுதவும் வசதி வந்தது. ஆனால் அந்தக் கட்டங்களை நிரப்ப நமக்குப் பழக்கமில்லை. இன்றைக்கும் நூறு பாட்டைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் பாடலாசிரியர் கட்டம் காலியாகத்தான் கிடக்கும்.

மற்ற ஊர்க்காரர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். நம் சிவகங்கைச் சீமை பொறுக்கலாமா? சிறுகூடல்பட்டியில் 1927-ல் பிறந்த கண்ணதாசனின் மண் இது. 1976-ல் 'அன்னக்கிளி'க்கு இளையராஜாவை அழைத்துவந்து, அந்தப் படத்தின் பாட்டுகளையும் எழுதிய பஞ்சு அருணாசலமும் இங்கிருந்து போனவர்தான். ஏவி.எம். செட்டியார் 'நாம் இருவர்' படத்தை எடுத்தது காரைக்குடியில். 1947-ல் அது வெளிவந்தது. அதன் பாட்டைக் கேட்கும் ஒரு குழந்தைக்கு என்னென்ன தெரிய வேண்டும்? பாரதியார் எழுதியது, டி.கே. பட்டம்மாள் பாடியது, ஆர். சுதர்சனம் இசையமைத்தது, திரையில் ஆடியவர் குமாரி கமலா. இந்த நாலு பெயருக்கும் பதில் ஒரு வெப்சைட்டின் விளம்பரம் ஓடினால், நாம் அந்தக் குழந்தைக்கு எதைக் கொடுத்தோம்?

பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று 2012-ல் காப்புரிமைச் சட்டத்தையே திருத்தினார்கள். சட்டம் அவர்கள் பெயரை மதிக்கிறது. நம் வீட்டு பிளேயரும் மதிக்கட்டும். பாட்டை முறையாகக் காசு கொடுத்து வாங்குவதும் அந்த மரியாதையில் சேர்ந்ததுதான்.

சரி, எப்படிச் செய்வது? கம்ப்யூட்டர் நிபுணர் யாரும் வேண்டாம். ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும்.

முதலில் எல்லாப் பாட்டையும் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வேலையை அந்தப் பிரதியில்தான் செய்ய வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு 'எம்பி3டேக்' என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு படத்தின் பாட்டுகளை மொத்தமாகத் தேர்வு செய்து படம், வருடம், இசை மூன்றையும் ஒரே தடவையில் எழுதிவிடலாம். பாட்டின் பெயர், பாடியவர், எழுதியவர் மட்டும்தான் ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். நம் படங்களில் ஒரு பாட்டை டி.எம்.எஸ்., இன்னொன்றை சுசீலா, மற்றொன்றை இருவரும் சேர்ந்து பாடியிருப்பார்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், சில பிளேயர்கள் ஒரே படத்தை மூன்று துண்டாக்கி மூன்று இடத்தில் வைத்துவிடும். எல்லாப் பாட்டுக்கும் அங்கே இசையமைப்பாளரின் பெயரையே போட்டுவிட்டால் படம் ஒன்றாக நிற்கும்.

ஆங்கிலத்தில் எழுதுவதானால் ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொள்ளுங்கள். இளையராஜாவை ஒரு பாட்டில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் எழுதினால், பிளேயர் அவரை இரண்டு பேராக்கிவிடும். பாட்டுக்கு எண் போடும்போது 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றுக்கு அடுத்து பத்து வந்து நிற்கும்.

விலை குறைந்த சில பிளேயர்களில் தமிழ் எழுத்து வெறும் கட்டமாகத் தெரியும். ஒரு பாட்டை மட்டும் ஏற்றி முதலில் சோதித்துப் பாருங்கள். கட்டமாக வந்தால், பிளேயருக்குப் போகும் பிரதியில் ஆங்கில எழுத்தில் எழுதலாம். கம்ப்யூட்டரில் இருக்கும் மூலத்தில் தமிழே இருக்கட்டும். இன்னும் சில பிளேயர்கள் பெயரையோ எண்ணையோ பார்ப்பதில்லை. எந்த வரிசையில் ஏற்றினோமோ அதே வரிசையில் பாடும். அதற்கு, கார்டை 'ஃபேட் 32' முறையில் புதிதாக ஃபார்மட் செய்து, படம் படமாக வரிசையாக ஏற்றினால் போதும்.

பாட்டைக் கேட்டே அது எது என்று கண்டுபிடித்துப் பெயர் எழுதும் மென்பொருள்களும் உண்டு. 'மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட்' அப்படிப்பட்ட ஒன்று. புதிய பாட்டுகளுக்கு உதவும். ஆனால் ஐம்பதுகளின் தமிழ்ப் பாட்டென்றால் பல நேரம் அதற்குத் தெரியாது. அங்கேதான் ஐயாவின் உதவி வேண்டும். பேரன் ஒவ்வொரு பாட்டாகப் போடட்டும். "இது லீலா குரல். ஜிக்கி இல்லை" என்று அவர் சொல்லச் சொல்ல, பேரன் டைப் செய்யட்டும். பாட்டு எப்போது வேண்டுமானாலும் இணையத்தில் கிடைக்கும். அதை யார் பாடியது என்று முதல் வரியிலேயே சொல்லும் காது எத்தனை நாளைக்கு நம்மோடு இருக்கும்?

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சினிமாப் பாட்டுக்கு நாம் பெயர் எழுதாவிட்டாலும் உலகத்தில் வேறு யாராவது எழுதி வைத்திருப்பார்கள். அப்பத்தா பாடிய தாலாட்டுக்கு யார் எழுதுவார்கள்? கல்யாண வீட்டில் கேசட்டில் பிடித்த நாதஸ்வரம், ஊர்க் கோயில் திருவிழாவில் அத்தை பாடிய கும்மி, பேத்திக்கு ஆயா வாட்ஸ்அப்பில் பாடி அனுப்பிய இரண்டு நிமிடம்... இவையெல்லாம் தேதியும் எண்ணும் மட்டுமே பெயராகக் கொண்டு, நூறு குட்மார்னிங் செய்திகளுக்கு நடுவே புதைந்து கிடக்கின்றன. போன் மாறினால் போயே போய்விடும்.

கல்யாணச் சீர் சாமானில் கரண்டி வரைக்கும் பெயர் வெட்டிக் கொடுக்கும் ஊர் நம்முடையது. எத்தனை தலைமுறை ஆனாலும் அந்தச் சாமான் யாருக்கு வந்த சீர் என்று தெரிகிறது. குரலுக்கும் அந்த அக்கறை வேண்டாமா?

ஆகவே, இனி வீட்டில் எதைப் பதிவு செய்தாலும் கௌஹர் ஜான் செய்ததைச் செய்யுங்கள். பாடுபவர் பெயர், ஊர், தேதி, யாருக்காகப் பாடுகிறார் என்பதை அந்தப் பதிவிலேயே வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் வடிவம் நாளைக்கு மாறலாம், டேக் அழியலாம். குரலோடு சேர்ந்த பெயர் குரல் இருக்கும் வரை இருக்கும். பழைய கேசட் இருந்தால், டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் கொடுத்து, இலவசமாகக் கிடைக்கும் 'ஆடாசிட்டி' மென்பொருளில் பதிவு செய்யலாம். கேசட்டில் பூஞ்சை பிடிப்பதற்குள் செய்துவிடுங்கள். எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் வையுங்கள். மெமரி கார்டு சொல்லாமல் கொள்ளாமல் கெட்டுப்போகும் பொருள்.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா இருந்தார். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று ஒரு லட்சம் அளவுக்குச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நடக்கிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து வரும் ஆய்வாளரும் தனக்கு வேண்டியதை அங்கே தேடி எடுக்க முடிகிறதென்றால், ஒருவர் ஆசையாகச் சேர்த்ததை மற்றவர்கள் பொறுமையாகப் பட்டியல் போட்டதால்தான். சேர்த்துவைக்கும் ஆசை நம் எல்லோருக்கும் இருக்கிறது. பட்டியல் போடும் பொறுமைதான் இனி வேண்டும்.

ஏழாயிரம் பாட்டையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பாட்டு. வீட்டில் பெரியவர் ஒருவர், சின்னவர் ஒருவர். பாடியவர், எழுதியவர், இசை, படம், வருடம் என்று ஐந்து கட்டத்தையும் நிரப்புங்கள். அந்தப் பத்தில் ஒன்றாவது உங்கள் வீட்டில் பாடிய பாட்டாக இருக்கட்டும்.

செய்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். அந்தப் பாட்டைப் பாடியவர் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்